க்வில்ட் பார்டரில் ஓர் இறகு: கை எங்கே போச்சு?

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கோம்.)

இன்றைக்கு ஒரு போர்வையோட ஓரத்தைப் பத்திப் பேசப் போறோம். ஆமாம், போர்வை ஓரம்தான். டேட்டாபேஸ் பத்திப் பேசிக்கிட்டு இருந்தவன் திடீர்னு தையலுக்கு வந்துட்டானேன்னு நினைக்காதீங்க. கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க, கடைசியில் நம்ம வேலைக்கே வந்து நிக்கும்.

க்வில்ட்னா என்னன்னு முதல்ல சொல்லிடறேன். மூணு அடுக்கு. மேலே ஒரு துணி, பெரும்பாலும் துண்டு துண்டா வெட்டி ஜோடிச்சது. நடுவில் பஞ்சு விரிப்பு. கீழே இன்னொரு துணி. இந்த மூணையும் ஊடுருவிப் பிடிக்கிற தையலுக்குப் பேர்தான் க்வில்டிங். அந்தத் தையல் இல்லைன்னா நாலு தடவை துவைச்சதும் பஞ்சு உருண்டு ஒரு மூலைக்குப் போயிடும். போட்டே ஆகவேண்டிய தையல். சரி, எப்படியும் போடணும், அழகாப் போடுவோமேன்னு வந்ததுதான் டிசைன் எல்லாம்.

அதில் ரொம்பப் பழசு, இன்னும் மவுசு குறையாதது, இறகு. ஃபெதர்னு சொல்றாங்க. நடுவில் வளைஞ்சு போகிற ஒரு தண்டு, ரெண்டு பக்கமும் வரிசையா மடல்கள். ஒவ்வொரு மடலும் பாதி இதயம் மாதிரி, அல்லது ஒரு சொட்டுத் தண்ணி மாதிரி இருக்கும். இங்கிலாந்தின் வடக்கே டர்ஹம் பக்கத்து க்வில்ட்களில் இது உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டரில் வாழ்கிற ஆமிஷ் மக்களோட பழைய க்வில்ட்களிலும் உண்டு.

அந்த ஆமிஷ் க்வில்ட்களை போட்டோவிலாவது ஒரு தடவை பாருங்க. பூப்போட்ட துணியே கிடையாது. கருஞ்சிவப்பு, ஊதா, கரும்பச்சைன்னு ஒரே நிறக் கம்பளித் துணிகள். நடுவில் ஒரு பெரிய வைரம், சுத்தி அகலமான பார்டர். தூரத்தில் இருந்து பார்த்தா வெறும் நிறக் கட்டங்கள். கிட்டப் போனா அந்த வெறும் பார்டர் முழுக்க இறகு ஓடும், அதே நிற நூலில் இல்லைன்னா கருமையான நூலில். 1971 இல் நியூயார்க்கின் விட்னி மியூசியம் அமெரிக்க க்வில்ட்களை ஓவியம் மாதிரி சுவரில் மாட்டிக் காட்டினதுக்கு அப்புறம்தான், கலை உலகமே இதையெல்லாம் திரும்பிப் பார்த்தது.

ஒரு விஷயம் குறிச்சுக்கோங்க. அந்த ஆமிஷ் பெண்கள் துண்டுகளை ஜோடிச்சது கால்மிதி மெஷினில். இறகு போட்டது மட்டும் கையில். இது பின்னாடி தேவைப்படும்.

ஒரு பேப்பர், ஒரு பேனா

இப்போ பைக் ஓட்டாதவங்க, கார் ஓட்டாதவங்க ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்க. ஒரு விதிதான்: பேனாவைத் தூக்கக் கூடாது. ஏன்னா மெஷினில் நூலை வெட்டி வெட்டி ஆரம்பிக்க முடியாது. ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் முடிச்சு, நூல் நுனியை உள்ளே மறைக்கிற வேலை. அதனால் முழு இறகும் ஒரே ஓட்டமா வரணும். சிக்குக் கோலம் போடறவங்களுக்கு இந்த விதி புதுசா இருக்காது.

கீழிருந்து மேலே ஒரு வளைஞ்ச தண்டு. இப்போ அடியில் இருந்து ஒரு பக்கத்து மடல்கள். முதல் மடல் தண்டிலிருந்து கிளம்பி, வெளியே போய், உருண்டையா திரும்பி, தண்டுக்கே வந்து சேரும். ஈஸி. ரெண்டாவது மடல் தண்டிலிருந்து கொஞ்சம் மேலே கிளம்பி, தலையை வளைச்சு, கீழே இருக்கிற முதல் மடல்மேல் வந்து முட்டும். இப்போ மாட்டிக்கிட்டீங்க. நீங்க நிக்கிறது தண்டில் இல்லை, வெளியே. பேனாவையும் தூக்க முடியாது. என்ன பண்ணுவீங்க?

வந்த வழியே திரும்பணும். ரெண்டாவது மடலோட தலைமேலேயே, போட்ட தையல்மேலேயே, இம்மி பிசகாம கொஞ்ச தூரம் திரும்பிப் போய், அங்கிருந்து மூணாவது மடலின் தலையை வளைச்சு, தண்டுக்கு இறங்கணும். அப்புறம் மறுபடி ஏற்றம், முட்டல், திரும்பல், இறக்கம். ரெண்டு மடலுக்கு ஒரு தடவை இந்தத் திரும்பல் வரும்.

சிஎஸ் படிச்சவங்களுக்கு இந்நேரம் மண்டைக்குள் மணி அடிச்சிருக்கும். 1736 இல் ஆய்லர் கேட்ட கேள்விதான் இது: எல்லாக் கோட்டையும் ஒரே ஒரு தடவை மட்டும் போற பாதை இருக்கா? கோடுகள் சந்திக்கிற புள்ளிகளில், ஒற்றைப்படை எண்ணிக்கையில் கோடு வர்ற புள்ளி ரெண்டுக்கு மேல் இருந்தா, கிடையாது. நம்ம இறகில் மடல் மடலோட முட்டுகிற இடம் ஒவ்வொண்ணிலும் மூணு கோடு. அப்போ திரும்பிப் போகாம முடியாதுங்கிறது கணக்குப்படி உறுதி. மிச்சம் இருக்கிற கேள்வி, திரும்பிப் போற தூரத்தை எவ்வளவு குறைக்கலாம்ங்கிறது. 1960 இல் குவான் மெய்கோங்கிற சீனக் கணித அறிஞர் ஒரு தபால்காரரை வெச்சு இந்தக் கேள்வியைக் கேட்டார். அதனால் சைனீஸ் போஸ்ட்மேன் பிராப்ளம்னு பேர் வந்துடுச்சு. க்வில்ட் பண்றவங்க அதைப் பேர் வெக்காமலேயே கையால் தீர்த்துக்கிட்டு இருந்தாங்க.

பல்லை இறக்கு

சரி, பேப்பரில் வந்துடுச்சு. மெஷினுக்குப் போவோம்.

சாதாரணமா தைக்கும்போது ஊசிக்குக் கீழே இருக்கிற பல்லுதான் துணியைத் தள்ளும். ஒவ்வொரு குத்துக்கும் இத்தனை மில்லிமீட்டர்னு அது பாத்துக்கும். நேரா மட்டும்தான் தள்ளும். இறகுக்கு அது ஆகாது. அதனால் அந்தப் பல்லை இறக்கிடறாங்க, துணியை அழுத்திப் பிடிக்காத ஒரு சின்ன வட்ட ஃபுட்டை மாட்டறாங்க. இப்போ துணி எந்தப் பக்கமும் போகும். நம்ம ஊரில் ஃபிரேம் கட்டி மெஷின் எம்பிராய்டரி போடறவங்களுக்கு இது தெரிஞ்ச வித்தை. இதை ஃப்ரீ மோஷன்னு சொல்றாங்க.

இதில் ஒரு விலை உண்டு. தையலோட நீளத்தை இனி மெஷின் முடிவு பண்ணாது. மெஷின் ஓடுற வேகமும் உங்க கை நகர்ற வேகமும் சேர்ந்து முடிவு பண்ணும். ஒரு சின்னக் கணக்கு: மெஷின் நிமிஷத்துக்கு 800 குத்து போடுது, உங்களுக்கு அங்குலத்துக்கு 10 தையல் வேணும்னா, கை நிமிஷத்துக்கு 80 அங்குலம் நகரணும். அதாவது விநாடிக்கு ஒண்ணேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. அதுவும் சீரா. வளைவில் கை தானா மெதுவாகும், தையல் பொடிப்பொடியா நெருங்கிடும். நேர்ப்பாதையில் கை விரையும், தையல் நீண்டுடும். நீளமான தையலுக்கு அமெரிக்க க்வில்ட்காரங்க ஒரு கிண்டல் பேர் வெச்சிருக்காங்க: கால் நகம் மாட்டுற தையல். தூங்கும்போது போர்வைக்குள் கால் நகம் அதில் போய் மாட்டிக்குமாம்!

இப்போ அந்தத் திரும்பலை நினைச்சுப் பாருங்க. கையால் போட்ட தையல் புள்ளி புள்ளியா, இடைவெளி விட்டுத் தெரியும். மெஷின் தையல் தொடர் கோடு. அதே கோட்டில் ரெண்டு தடவை போனா நூல் தடிச்சுத் தெரியும். அரை மில்லிமீட்டர் விலகினா ரெண்டு கோடாத் தெரியும். அதுக்குத்தான் மெல்லிய நூல். விஸ்கான்சினைச் சேர்ந்த டயான் கௌடின்ஸ்கி, வீட்டு மெஷினில் இறகு போடறதுக்கே பேர் போனவங்க. அவங்க பிரபலப்படுத்தினது நூறாம் நம்பர் பட்டு நூல். அது அவ்வளவு மெலிசு, ஒண்ணுமேல் ஒண்ணு விழுந்தாலும் மேடு தட்டாது. இறகைச் சுத்தியுள்ள வெற்றிடத்தைப் பொடிப் பொடி நெளிகோட்டால் நிரப்புவாங்க. அங்கே பஞ்சு அழுந்திப் படிஞ்சுடும், இறகு மட்டும் புடைச்சு நிக்கும். நிழல்தான் அங்கே படம் வரையுது.

நாலு மூலையும் ஒரே மாதிரி வரணும்

இறகை ஏன் பார்டரில் போடறாங்க? இடம் இருக்கு, அது ஒண்ணு. கை வேலைக்கும் பார்டர் கொஞ்சம் கருணை காட்டும். நடுப்பகுதியைத் தைக்கும்போது போர்வையில் பாதியைச் சுருட்டி மெஷினோட கழுத்துக்குள் திணிக்கணும். ஓரத்தில் தைக்கும்போது பெரும்பகுதி வெளியே மேஜைமேல் கிடக்கும்.

ஆனா பார்டரில் வேற ஒரு பூதம் இருக்கு. மூலை.

தண்டு அலை மாதிரி உள்ளே வெளியே வளைஞ்சு ஓடுதுன்னு வைங்க. பாம்பு மாதிரி. மூலையில் அது வெளிப்பக்கமா வளைஞ்சு திரும்பினா அழகு. நாலு மூலையிலும் அப்படியே வரணும். அதுக்கு ஒரு பக்கத்தில் எத்தனை வளைவு இருக்கணும்?

யோசிச்சுப் பாருங்க. மூலை வெளியே, அடுத்த வளைவு உள்ளே, அடுத்தது வெளியே, இப்படி மாறி மாறித்தான் போகும். அடுத்த மூலை மறுபடி வெளியே வளையணும்னா, நடுவில் கடைசி வளைவு உள்ளே முடிஞ்சிருக்கணும். உள்ளே ஆரம்பிச்சு உள்ளே முடியணும்னா எண்ணிக்கை ஒற்றைப்படை. இரட்டைப்படையில் போட்டா ஒரு மூலை வெளியே, அடுத்த மூலை உள்ளே, எதிர் மூலை வெளியேன்னு மாறி மாறி நிக்கும். தப்புன்னும் சொல்ல முடியாது, ஆனா பார்க்கிற கண்ணுக்கு ஏதோ உறுத்தும்.

நிஜ அளவில் போட்டுப் பார்ப்போம். ஒரு பக்கம் 72 அங்குலம், இன்னொரு பக்கம் 90. வளைவு 8 அங்குலம்னு எடுத்தா 72 க்கு 9 வளைவு. ஒற்றைப்படை, கச்சிதம். 90 ஐ 8 ஆல் வகுத்தா 11.25. கால் வளைவு எங்கே வைக்கிறது? 11 ன்னு முடிவு பண்ணி, ஒவ்வொண்ணையும் 8.18 அங்குலமா இழுத்துடுவாங்க. அந்த 0.18 எந்தக் கண்ணுக்கும் தெரியாது. இதையெல்லாம் முதல்லயே பார்டர் நீளத்துக்கு ஒரு பில் ரோல் பேப்பரை வெட்டி, அதில் குறிச்சுப் பார்த்துட்டுத்தான் துணிப் பக்கம் போவாங்க. மடல்கள் எந்தத் திசையில் சாயணும்ங்கிறதும் இங்கேயே முடிவாகும்: சுத்திச் சுத்தி ஒரே திசையிலா, பக்கத்தின் நடுவில் பிறந்து ரெண்டு மூலைக்கும் பிரிஞ்சு போறதா?

இன்னும் ஒண்ணு. தையல் போடப் போட துணி சுருங்கும். நடுப்பகுதியில் நெருக்கமாத் தைச்சுட்டு பார்டரில் ஏனோதானோன்னு நாலு கோடு இழுத்தா, நடு சுருங்கி, ஓரம் சுருங்காம, பார்டர் அப்பளம் மாதிரி நெளிஞ்சு நிக்கும். அதனால் இறகை எவ்வளவு அடர்த்தியாப் போடணும்ங்கிறது அழகு மட்டும் சம்பந்தப்பட்டது இல்லை. போர்வை தட்டையாக் கிடக்குமாங்கிறதே அதில்தான் இருக்கு.

1989, படூக்கா

இப்போ சண்டைக்கு வருவோம்.

எலியாஸ் ஹோவ் தையல் மெஷினுக்கு பேட்டன்ட் வாங்கினது 1846. ஐசக் சிங்கர் 1851. அதுக்கப்புறம் தவணை முறையில் மெஷின் வீடுவீடா நுழைஞ்சது. அந்தக் காலத்திலேயே சில பெண்கள் க்வில்டிங் தையலை மெஷினில் போட்டாங்க. மறைக்கலை, வெளியே தெரியற மாதிரியே போட்டாங்க. வீட்டில் மெஷின் இருக்குன்னா அது அவ்வளவு பெருமை. அப்புறம் மெஷின் எல்லார் வீட்டிலும் வந்தாச்சு, பெருமை போயிடுச்சு. இருபதாம் நூற்றாண்டில் நல்ல க்வில்ட்னா கைத்தையல்தான்னு ஆயிடுச்சு. மெஷின் தையல்னா அவசர வேலை.

1980களில் ஹேரியட் ஹார்கிரேவ் மாதிரி ஆசிரியர்கள், பரம்பரைச் சொத்து மாதிரி வைக்கிற தரத்தை மெஷினிலும் கொண்டுவரலாம்னு சொல்லிக்கொடுத்தாங்க. அப்புறம் 1989. கென்டக்கி மாநிலத்தில் படூக்கான்னு ஒரு ஆற்றங்கரை ஊர். அமெரிக்கன் க்வில்டர்ஸ் சொசைட்டி நடத்துற பெரிய போட்டி அங்கேதான். அந்த வருஷம் முதல் பரிசு கேரில் பிரையர் ஃபாலர்ட்டோட கரோனா டூ க்வில்ட்டுக்குக் கிடைச்சது. சூரிய கிரகணம்தான் அதில் வடிவம். மெஷினில் க்வில்ட் பண்ணின ஒண்ணு அந்தப் பரிசை வாங்கினது அதுதான் முதல் தடவை.

பெரிய சர்ச்சை ஆச்சு. மெஷின் பண்ணினதுக்கு மனுஷிக்குப் பரிசான்னு ஒரு பக்கம். கையால் மாசக்கணக்கா உட்கார்ந்து தைச்சவங்க பார்வையில் அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாம இல்லை. அவங்க விரலில் காய்ப்பேறி இருக்கு. ஆனா நாம இப்போ இறகை உள்ளே போய்ப் பார்த்துட்டு வந்தோம். பல்லை இறக்கின நொடியில் அந்த மெஷின் வெறும் மேலும் கீழும் குத்துற ஊசிதான். பாதை, வேகம், திரும்பல், மூலை எல்லாம் மனுஷிகிட்டதான் இருக்கு. ஊசியைத் தள்ளுற விரல் ஓய்ஞ்சது. துணியை நகர்த்துற ரெண்டு கையும் புதுசா ஒரு வேலை கத்துக்கிட்டது.

அடுத்த மெஷின்

கதை இங்கே நிக்கலை. 2000களில் வீட்டு மெஷினுக்கே ஸ்டிச் ரெகுலேட்டர் வந்தது. நம்ம கம்ப்யூட்டர் மவுஸில் இருக்கிற மாதிரி ஒரு சென்சார், துணி எவ்வளவு வேகமா நகருதுன்னு பார்த்து, மோட்டாரோட வேகத்தை அதுக்கேத்த மாதிரி மாத்தும். தையல் நீளம் சீரா வந்துடும். நான் சொன்ன விநாடிக்கு ஒண்ணேகால் அங்குலக் கவலை காலி. இன்னொரு பக்கம் லாங் ஆர்ம் மெஷின்: போர்வை ஒரு நீளச் சட்டத்தில் கட்டி இருக்கும், மெஷினே சக்கரத்தில் ஓடும். அதிலேயே கம்ப்யூட்டர் பூட்டினது வந்தாச்சு. இறகு ஒரு ஃபைல். திறந்து, பார்டர் நீளத்தைக் கொடுத்து, ஸ்டார்ட் அமுக்கிட்டா அதுவே தைச்சுடும். காபி குடிச்சுட்டு வரலாம்.

இங்கேதான் எனக்குத் தொண்டையில் ஏதோ மாட்டுது. எங்க டீமில் ஒரு ஜூனியர், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம். போன வாரம் கேட்டாங்க: "அண்ணா, கோடை ஏஐ எழுதுது, டெஸ்டையும் அதுவே எழுதுது. நான் என்னத்தைக் கத்துக்கறது?" நான் உடனே ஒரு பதில் சொல்லலை. சும்மா தைரியம் சொல்ற மாதிரி பேச எனக்கு விருப்பம் இல்லை. ஏன்னா அவங்க பயம் நிஜம். ஒரு கருவி வந்து ஒரு திறமையை வாங்கிக்கும்போது, அந்தத் திறமையை வெச்சே பிழைச்சவங்களுக்கு அது நஷ்டம்தான். கூலிக்குக் கையால் க்வில்ட் பண்ணிக்கொடுத்தவங்களுக்கும் அது நஷ்டமாத்தான் இருந்திருக்கும்.

க்வில்ட் உலகத்தைப் பார்த்து நான் எடுத்துக்கிட்டது ரெண்டு விஷயம். அவங்ககிட்டயும் இதைத்தான் சொன்னேன்.

ஒண்ணு, ரெகுலேட்டர் தையல் நீளத்தைச் சரி பண்ணும், கோணலான மடலைச் சரி பண்ணாது. கோணல் மடலையே ரொம்பச் சீரான தையலில் போட்டுக் கொடுக்கும். ஃபைலில் இருக்கிற இறகு 8 அங்குல வளைவுன்னா, 90 அங்குலப் பார்டரில் அந்தக் கால் வளைவை என்ன பண்றதுன்னு யாரோ ஒருத்தருக்குத் தெரியணும். ஒற்றைப்படை ஏன்னு தெரிஞ்சவங்களுக்கு ஸ்டார்ட் அமுக்கறதுக்கு முன்னாடியே மூலை கண்ணில் தெரியும். தெரியாதவங்களுக்கு நாலு பக்கமும் தைச்சு முடிஞ்ச பிறகு தெரியும். அதைப் பிரிச்சு எடுக்க எத்தனை ராத்திரி ஆகும்னு யோசிச்சுக்கோங்க. அதனால் கருவி கையில் இருந்தாலும் பேனாவைத் தூக்காம ஒரு இறகு வரைஞ்சு பழகணும். நம்ம வேலையில் அதுக்குச் சமமானது என்னன்னு உங்களுக்கே தெரியும். வாரத்துக்கு ஒரு சின்ன விஷயமாவது உதவி இல்லாம எழுதிப் பாருங்க. எழுதிக் கொடுத்ததை வரிவரியா, இது ஏன் இங்கே இருக்குன்னு கேட்டுப் பாருங்க.

ரெண்டாவது எனக்கு ரொம்பப் பிடிச்சது. அந்தச் சண்டை எப்படி அடங்குச்சு தெரியுமா? யாரும் யாரையும் ஜெயிக்கலை. இன்றைக்கு படூக்கா போட்டியில் கைத்தையலுக்குத் தனிப் பரிசு. உட்கார்ந்த இடத்தில் இருக்கிற மெஷின், அதாவது துணியைக் கை நகர்த்துறது, அதுக்குத் தனிப் பரிசு. நகர்ற மெஷினுக்குத் தனிப் பரிசு. மேல்துணியை ஒருத்தர் ஜோடிச்சு, க்வில்டிங்கை இன்னொருத்தர் பண்ணியிருந்தா ரெண்டு பேர் பேரையும் எழுதணும். எந்தக் கருவி, எந்தக் கைன்னு ஒளிவு மறைவு இல்லாமச் சொல்லிட்டா, அப்புறம் ஒவ்வொண்ணையும் அதோட அளவுகோலில் ரசிக்கலாம். இதை எங்க டீமில் கோட் ரிவ்யூவுக்குக் கொண்டுவரலாமான்னு பேசிக்கிட்டு இருக்கோம்: எது நீ எழுதினது, எது எழுதி வாங்கினது, அதில் எதை நீ முழுசாப் புரிஞ்சுக்கிட்ட. மூணு வரி போதும். திட்டுறதுக்கு இல்லை. எந்த இடத்தை இன்னும் கவனமாப் பார்க்கணும்னு அடுத்தவருக்குத் தெரியறதுக்கு.

இதனால் எட்டு மாச அனுபவம் உள்ளவங்களோட வேலை பத்திரமாயிடுமா? அந்த உத்தரவாதம் என்கிட்ட இல்லை. அவங்களுக்கும் அதைத்தான் சொன்னேன்.

சரி, நேரம் ஆச்சு. இந்த வார வீட்டுப்பாடம்: ஒரு ஏ4 தாள், நாலு ஓரத்திலும் ரெண்டு விரல்கடை பார்டர், அதில் பேனாவைத் தூக்காம ஒரு இறகு. வளைவு எண்ணிக்கையை நீங்களே கணக்குப் பண்ணுங்க. நாலு மூலையும் ஒரே மாதிரி வந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க. வரலைன்னாலும் அனுப்புங்க, எந்தப் பக்கம் இரட்டைப்படை ஆச்சுன்னு சேர்ந்து கண்டுபிடிப்போம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.